மாத்திரையா, பிரார்த்தனையா: என் தம்பி இழந்த நான்கு வருடங்கள்

#1 மூத்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரமாக யோசித்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

என் தம்பிக்கு 14 வயதில் முதல் வலிப்பு வந்தது. கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பேனா எழுத்தை விட்டுவிட்டு நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய்த் தாளைத் தாண்டி மேசையில் ஏறியது. அந்தச் சத்தத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவன் அங்கே இல்லை.

நாங்கள் பல வருடமாகப் போய்வந்த ஒரு பிரார்த்தனைக் கூடம் உண்டு. எந்த மதம் என்று கேட்காதீர்கள், எந்த மதத்திலும் இது நடக்கிறது. அங்கே இருந்த பெரியவர், "இது உடம்பு நோய் இல்லை. மாத்திரையைத் தொட்டால் நம்பிக்கை போய்விடும்" என்றார். அப்பா அவர் சொன்னதைக் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் அப்படியே கிடந்தது. நான்கு வருடம். அதற்குள் தம்பி பள்ளியை விட்டான், அடுப்பின் மேல் விழுந்து இடது கையைச் சுட்டுக்கொண்டான், ரெண்டு பல் போனது.

வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் நானே அவனை அழைத்துக்கொண்டு போனேன். தினம் ரெண்டு மாத்திரை. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. இன்றோடு எட்டு மாதம்.

அப்புறம்தான் நிறையப் படித்தேன். உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறதாம். சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொன்றைப் படித்தபோது நிஜமாகவே அழுதேன். "இது தெய்வீக நோய் அல்ல, மற்ற நோய்களைப் போல இதற்கும் உடம்பில் காரணம் உண்டு" என்று ஹிப்பாக்ரடீஸ் என்ற பழங்கால மருத்துவர் பெயரில் உள்ள ஒரு கிரேக்க நூல் சொல்கிறது. அது எழுதப்பட்டு ஏறக்குறைய 2,400 வருடம் ஆகிறது. 2,400 வருடம் முன்னால் ஒருவர் எழுதிவைத்தது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேரவில்லை.

மனிதருக்கு உண்மையில் உதவியது எது, அறிவியலா மதமா? சண்டைக்காகக் கேட்கவில்லை. அம்மா இன்னும் அந்தக் கூடத்துக்குப் போகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

#2 அலைவரிசை

அக்கா, படித்து மனசு கனத்துப் போச்சு. தம்பிக்கு என் அன்பு.

என் பதில் நேரானது: அறிவியல்தான். பெரியம்மையை எடுத்துக்கோங்க. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் அது ஏறக்குறைய 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கு. எல்லா நாட்டிலும், எல்லா மதத்திலும் அதற்காக வேண்டிக்கொண்டார்கள். 1796-ல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் போட்ட முதல் தடுப்பூசியில் ஆரம்பித்து, 1977-ல் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசித் தொற்று வரை போய், 1980-ல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். வேண்டுதலால் இப்படி ஒழிந்த ஒரு நோயை யாராவது சொல்லட்டும்.

பிரார்த்தனையையும் சோதித்துப் பார்த்திருக்காங்க. 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்காக வேண்டினார்கள். வேண்டுதல் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், யாருக்காக வேண்டினார்களோ அவர்களில் 52 சதவீதத்துக்கும், வேண்டாதவர்களில் 51 சதவீதத்துக்கும் சிக்கல் வந்தது. வித்தியாசமே இல்லை. "உங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறோம்" என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 சதவீதம்!

உங்க தம்பி சாப்பிடுவது எந்த மருந்தோ தெரியாது. ஆனால் பினோபார்பிட்டால் வலிப்பை அடக்கும் என்று கண்டுபிடித்தது 1912-ல். நூறு வருடத்துக்கு மேல் ஆச்சு. அந்தப் பெரியவருக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

#3 மெய்யன்பன்

சகோதரி, நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். தினமும் இரு வேளை வழிபடுகிறவன். முதலில் உங்கள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பெரியவர் சார்பில் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் பேசியது என் போன்றவர்கள் பேசும் மொழி. அதனால் கேட்கிறேன்.

அதே சமயம், மதம் மனிதருக்கு உதவியதே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேசில் என்ற ஆயர் நோயாளிகளுக்கும் வழியற்றவர்களுக்கும் ஊருக்கு வெளியே ஒரு வளாகமே கட்டினார். டமாஸ்கஸில் 1154-லும் கெய்ரோவில் 1284-லும் கட்டிய மருத்துவமனைகள் அறக்கொடை நிலங்களின் வருமானத்தில் நடந்தன. அசோகர் தம் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைப் பொறித்திருக்கிறார். நோயாளியைத் தெருவில் விடக்கூடாது என்ற எண்ணம் கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

தொழுநோயாளிகளை ஹவாயில் மொலோகாய் தீவில் கொண்டுபோய் விட்டுவந்த காலத்தில், டேமியன் என்ற பெல்ஜியப் பாதிரியார் 33 வயதில் அங்கே போனார். வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டியும் செய்தார். கடைசியில் அவருக்கே நோய் வந்து 1889-ல் இறந்தார். இதை உதவி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

#4 புள்ளிக்கோலம்

மெய்யன்பன் ஐயா டேமியனைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பல வருடமாக எனக்குள் கிடக்கும் விஷயம் இது.

டேமியன் மொலோகாய்க்குப் போனது 1873 மே மாதம். அதே 1873-ல், சில வாரங்களுக்கு முன்னால், நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோயாளியின் திசுவில் அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தார். அதுவரை இந்த நோயைப் பரம்பரை என்றும் பாவத்தின் பலன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வெறும் கிருமி என்று காட்டியவர் அவர்.

ஒரே வருடத்தில் ஒருவர் நோயைக் கண்டார், ஒருவர் நோயாளியிடம் போனார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்பதை நிரூபிக்க ஹான்சன் தவித்தார். 1879-ல் தம் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொரு நோயாளியிடம் எடுத்ததைச் செலுத்திப் பார்த்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மருத்துவமனைப் பதவி பறிபோனது.

டேமியன் பக்கமும் முழுதாகப் பார்ப்போம். அவர் அங்கே இருந்த 16 வருடத்தில் ஒருவருக்குக்கூட நோய் குணமாகவில்லை. குணமாக்கும் மருந்தே அப்போது கிடையாது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல்தான். அது வந்த பிறகு 6 மாதம் அல்லது ஒரு வருடம் மருந்து சாப்பிட்டால் நோய் போகிறது.

மொலோகாயில் இருந்த ஒருவரிடம் போய், "உங்களுக்கு யார் வேண்டும்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மருந்தைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். மருந்து வர இன்னும் நூறு வருடம் ஆகும் என்று தெரிந்தால், டேமியனைக் கேட்பார்.

#5 அலைவரிசை

ஹான்சன் செய்தது தப்பு. ஆனா அவர் பதவி போச்சே! அதுதான் நான் சொல்ல வர்றது. தப்பு செய்தால் கேள்வி கேட்கும் அமைப்பு அங்கே இருந்துச்சு. அக்காவின் பெரியவரை யார் கேள்வி கேட்டா?

செம்மல்வைஸ் என்ற டாக்டரின் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1847, வியன்னா பொது மருத்துவமனை. ரெண்டு பிரசவ வார்டு. டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் இருந்த வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் அதிகமாகச் செத்தாங்க, மருத்துவச்சிகள் இருந்த வார்டில் குறைவு. சாகும் நிலையில் இருப்பவர்களுக்காக வரும் பாதிரியார் மணி அடித்துக்கொண்டே அந்த முதல் வார்டு வழியாகப் போவார். அந்தச் சத்தத்தில் பயந்துதான் சாகிறார்களோ என்று செம்மல்வைஸ் சந்தேகப்பட்டார். மணி அடிக்காமல் வேறு வழியாக வரச் சொன்னார். பாதிரியாரும் ஒத்துக்கிட்டார். சாவு குறையலை. அந்த யோசனையை விட்டுட்டு அடுத்ததைத் தேடினார். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு சில மாதத்தில் 2 அளவுக்கு இறங்கியது.

ஒரு யோசனை, ஒரு சோதனை. பலன் இல்லையா, விட்டுடணும். மதத்தில் இது இல்லைங்கிறதுதான் என் வருத்தம்.

#6 கல்தச்சன்

தம்பி அலைவரிசை, செம்மல்வைஸை யார் ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் சக மருத்துவர்கள்தான். 1865-ல் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

"தவறு செய்தால் அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்" என்பதை நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு அப்படியே சொல்ல முடியவில்லை. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1932-லிருந்து 1972 வரை மேகநோய் (சிபிலிஸ்) உள்ள 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொண்டே, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தது. 1940-களின் கடைசியில் பெனிசிலின் எல்லா இடத்திலும் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நாற்பது வருடம். உள்ளே வேலை பார்த்த ஒருவர் பல வருடம் புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்காமல், பத்திரிகைக்குப் போன பிறகுதான் நிறுத்தினார்கள்.

மூத்தவளின் தம்பிக்கு நான்கு வருடம் மருந்து கிடைக்கவிடாமல் செய்தவரும், அந்த 399 பேருக்கு மருந்து கிடைக்கவிடாமல் செய்தவர்களும் எனக்கு ஒரே வரிசையில்தான் தெரிகிறார்கள். ஒருவர் மேல் அங்கி, மற்றவர் மேல் வெள்ளைக் கோட்டு.

#7 தென்றல்_வாசகர்

இரண்டும் இரண்டு கண்கள் போல. அறிவியல் உடலுக்கு, ஆன்மிகம் உள்ளத்துக்கு. இரண்டும் வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

#8 மூத்தவள்

தென்றல், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "இரண்டும் வேண்டும்" என்று முடித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான்கு வருடமும் அதைத்தான் சொன்னார்கள். "டாக்டரும் இருக்கட்டும், பிரார்த்தனையும் இருக்கட்டும், முதலில் பிரார்த்தனை." அந்த "முதலில்" முடியவே இல்லை. ரெண்டும் வேண்டும் என்றால் எதற்கு எது, ரெண்டும் மோதினால் எது விலக வேண்டும், அதை யாராவது சொல்லுங்கள்.

உடலுக்கு ஒன்று, உள்ளத்துக்கு ஒன்று என்று பிரிப்பதும் எனக்குப் புரியவில்லை. பெரியவர் தம்பியின் உள்ளத்தைப் பற்றிப் பேசியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சுட்டது அவன் கை.

#9 இரவுப்பணி

நான் செவிலியர். 11 வருஷமா இறுதிக்கட்ட நோயாளிகளைப் பார்க்கிற பிரிவில் வேலை. இரவுப் பணியில இருந்து எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மூத்தவள் கேட்ட "எதற்கு எது" என்கிற கேள்விக்கு, எங்க வார்டுல நான் பார்த்ததைச் சொல்றேன்.

போன வருஷம் ஒரு ஐயா இருந்தார். எலும்பு வரைக்கும் பரவின புற்றுநோய். வந்த முதல் ராத்திரி கட்டில் கம்பியை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டே இருந்தார். விரல் கணு வெள்ளையா போயிடும், அவ்வளவு இறுக்கம். வலியை அடக்குற மார்பின் மருந்து சரியான அளவுக்கு வர ரெண்டு நாள் ஆச்சு. மூணாவது ராத்திரி கை கம்பியை விட்டுச்சு. அதை எந்தப் பிரார்த்தனையும் செய்திருக்காது, இதை நான் ஆயிரம் தடவை சொல்வேன்.

கை விட்ட பிறகுதான் அவர் பேசினார். "நான் என் தம்பிக்குச் செஞ்ச துரோகத்துக்கா இது?" ராத்திரி மூணு மணி. அதுக்கு என்கிட்ட ஊசி இல்லை. டோஸ் ஏத்தினா தூங்குவார், எழுந்ததும் அதே கேள்விதான். அவர் வழிபாட்டு இடத்திலேர்ந்து ஒருத்தர் தினமும் சாயந்திரம் வருவார். அவர் "ஆமா, பாவம்தான்"னும் சொல்லலை, "அதெல்லாம் ஒண்ணுமில்லை"ன்னும் தட்டிக்கழிக்கலை. "தம்பிகிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டார். ரெண்டு நாள்ல அந்தத் தம்பி வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தார்.

சிசிலி சாண்டர்ஸ்னு ஒருத்தங்க. முதல்ல செவிலியர், அப்புறம் சமூகப் பணியாளர், அதுக்கப்புறம் டாக்டர். ஆழமான மத நம்பிக்கை உள்ளவங்க. 1967-ல் லண்டன்ல இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லம் ஆரம்பிச்சாங்க. வலி வந்து கத்தின பிறகு மருந்து கொடுக்காதீங்க, நேரம் வைச்சு முன்கூட்டியே கொடுங்கன்னு கணக்கோட காட்டினது அவங்கதான். "முழு வலி"ன்னு ஒண்ணைச் சொன்னதும் அவங்கதான். உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்துதான் வலிக்குது, ஒண்ணை மட்டும் பார்த்தா மத்தது அடங்காதுன்னாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். "துன்பம் அனுபவிச்சாதான் பாவம் கழியும், மார்பின் வேண்டாம்"னு சொன்ன குடும்பத்தையும் பார்த்திருக்கேன். நோயாளியால பேச முடியலை. அந்த ராத்திரியை என்னால மறக்க முடியாது. மூத்தவள், உங்க கேள்விக்கு என் பதில் இதுதான்: ரெண்டும் மோதினா, படுக்கையில இருக்கிறவருக்கு வலி குறையுதான்னு பாருங்க. பக்கத்துல நிக்கிறவருக்கு நிம்மதியா இருக்கான்னு பார்க்காதீங்க.

#10 அலைவரிசை

உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன் அக்கா. அந்தச் சாயந்திரம் வந்தவர் செய்ததை ஒரு நல்ல மனநல ஆலோசகர் செய்ய முடியாதா? அதுக்கு மதம் எதுக்கு?

#11 இரவுப்பணி

முடியும் தம்பி. எங்ககிட்ட ஒரு ஆலோசகர் இருக்காங்க, அருமையானவங்க. மூணு வார்டுக்கு ஒருத்தங்க. அவங்க வர வாரம் ஒருநாள். அவர் தினமும் வந்தார், யாரும் சம்பளம் கொடுக்கலை.

#12 புள்ளிக்கோலம்

அலைவரிசையின் கேள்வி நியாயமானது, அதற்கு எண்ணிக்கையோடும் பதில் உண்டு. குடிநோயாளிகளுக்கான சுய உதவிக் குழுக்கள் 1935-ல் ஆரம்பித்தன. "நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி" என்று குடியை விட அவர்கள் பின்பற்றும் படிகளிலேயே இருக்கிறது. பல காலமாக மருத்துவ உலகம் இதை நம்பவில்லை. 2020-ல் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமம் அல்லது மேல் என்று சொன்னது. கடவுள் குணமாக்கினார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏன் பலன் தருகிறது என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான்: குடிக்காத நண்பர்கள், இரவில் கூப்பிட்டால் எடுக்கும் ஒருவர்.

எனக்கு இந்த விவாதத்திலேயே மிகவும் பிடித்த மனிதர் ஹென்றி வைட்ஹெட். ஜான் ஸ்னோ என்ற மருத்துவரைப் பலருக்கும் தெரியும்: 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது தண்ணீர் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர். 600 பேருக்கு மேல் இறந்த பகுதி அது. வைட்ஹெட் அந்தப் பகுதியின் உதவிப் பாதிரியார், 30 வயதுகூட ஆகாதவர். காலரா தண்ணீரில் வருகிறது என்று ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. தப்பு என்று நிரூபிக்கத்தான் கிளம்பினார்.

வீடு வீடாகப் போனார். ஒரே வீட்டுக்கு நாலைந்து முறைகூடப் போனார். செத்தவர்கள் யார், பிழைத்தவர்கள் யார், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்டார். அந்தச் சனங்களுக்கு அவரைத் தெரியும். அவர்கள் வீட்டுச் சாவில் கூட நின்றவர். ஸ்னோவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். கேட்கக் கேட்க, ஸ்னோ சொன்னதே சரி என்பது அவருக்குத் தெரிந்துபோனது. கடைசியில், ஸ்னோவுக்குக் கிடைக்காத முதல் கண்ணியைக் கண்டுபிடித்ததும் அவர்தான்: பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த ஒரு குழந்தை. அதன் துணியை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டுக்கு முன்னால் இருந்த கழிவுத் தொட்டியில் ஊற்றியிருந்தாள். அந்தத் தொட்டிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவில் மூன்றடி கூட இல்லை.

அவர் பாதிரியாராகவே இருந்தார், நம்பிக்கையை விடவில்லை. தாம் நினைத்தது தப்பு என்று தெரிந்ததும் அதை மட்டும் விட்டார். மூத்தவள், உங்கள் பெரியவரிடம் இல்லாதது மருத்துவப் படிப்பு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வைட்ஹெட்டும் மருத்துவம் படித்தவர் அல்ல.

#13 மெய்யன்பன்

புள்ளிக்கோலம், வைட்ஹெட்டைப் பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றி.

என் தரப்பின் குறையையும் நானே சொல்கிறேன். 2003-ல் நைஜீரியாவின் கானோவில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்று மதத் தலைவர்கள் சிலர் சொல்ல, பல மாதம் மருந்து நின்றது. அங்கிருந்து போலியோ பல நாடுகளுக்கு மீண்டும் பரவியது. நடக்க வேண்டிய குழந்தைகள் முடங்கிப்போனார்கள். அதே ஊரில் 1996-ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு வெளிநாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகள் மேல் மருந்துச் சோதனை நடத்தியிருந்தது. சனங்களின் பயத்துக்கு அது ஒரு காரணம். ஆனாலும் அந்தப் பயத்தைத் தணிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அதை ஊதிவிட்டார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைக் கொண்டுவந்த பிறகு 2004-ல் ஒப்புக்கொண்டார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியம் முழுவதும் இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது.

எபோலாவில் இன்னொரு விதமாக நடந்தது. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் அது பரவியபோது, இறந்தவர் உடலில்தான் கிருமி மிக அதிகம். உடலைக் குளிப்பாட்டி, தொட்டு, முத்தமிட்டு அனுப்பும் இடத்தில், பாதுகாப்பு உடை போட்ட அந்நியர்கள் வந்து பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவப்படி அது சரிதான். சனங்கள் உடலை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள், ராத்திரியில் புதைத்தார்கள், தொற்று கூடியது. அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு உட்கார்ந்து புது நெறிமுறை எழுதியது. குளிப்பாட்டுவதற்குப் பதில் தண்ணீர் இல்லாத சடங்குத் தூய்மை. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், வேண்டிக்கொள்ளலாம். மதகுருமார் "இது நம் மார்க்கத்துக்கு விரோதம் இல்லை" என்று சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை எந்த மருத்துவராலும் சொல்லியிருக்க முடியாது. சொன்னாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 11,000 பேருக்கு மேல் இறந்த தொற்று அது.

அதனால் மூத்தவள் கேட்டதற்கு என் பதிலை மாற்றிச் சொல்கிறேன். உடம்பைப் பற்றி ஒரு மதகுரு எதையாவது சொன்னால், அது சோதனைக்கு உட்பட்டது. பலிக்கவில்லை என்றால் அவர் விலக வேண்டும். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் சனங்களிடம் போய், "மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு விரோதம் இல்லை" என்று சொல்லும் வேலையை எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அதைச் செய்யாமல் இருந்தால் அந்தக் கையைச் சுட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

#14 மூத்தவள்

மெய்யன்பன் ஐயா, கடைசிப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை படி என்றாள்.

எனக்கு எது அதிகம் வலித்தது என்று இங்கே சொல்லவே இல்லை. வலிப்பு வந்துகொண்டிருந்தபோது அந்தக் கூடத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் யாராவது வீட்டுக்கு வருவார்கள். தம்பியோடு விளையாட ரெண்டு பையன்கள் வருவார்கள். மாத்திரை ஆரம்பித்தது தெரிந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். தம்பிக்கு வலிப்பு நின்றது, ஆட்களும் நின்றார்கள். பள்ளியும் இல்லை, நண்பர்களும் இல்லை. டாக்டர் "நன்றாக இருக்கிறான்" என்கிறார். ரிப்போர்ட்டில் நன்றாகத்தான் இருக்கிறான்.

இப்போது அந்தக் கூடத்தில் வேறொருவர் பொறுப்புக்கு வந்திருக்கிறார். அம்மாவிடம் "பையனைக் கூட்டிவாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போகலாமா? போனால் என்ன கேட்பது?

#15 அலைவரிசை

நான் போகச் சொல்லமாட்டேன்னு நினைச்சிருப்பீங்க. போங்க அக்கா. ஆனா வெறுங்கையோடு போகாதீங்க. அங்கே வலிப்பு உள்ள வேறு குழந்தைகள் நிச்சயம் இருக்கும். கூட்டத்தில் சத்தமாகப் படிக்கும்படி ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுங்க. அதைப் படிக்கச் சம்மதித்தால் தம்பியைக் கூட்டிப் போங்க. இல்லைன்னா வேண்டாம்.

#16 இரவுப்பணி

நல்ல யோசனை. மருத்துவப் பகுதியை நான் எழுதறேன், எளிமையா:

வலிப்பு வந்தால் பக்கத்தில் உள்ள கூரான, சூடான பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவமனை. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள், வலிப்பு நின்றுவிட்டாலும்.

#17 மெய்யன்பன்

அதன் தலைப்பில் இதைச் சேர்க்கலாம்: "இது மூளையில் வரும் நோய். பாவத்தால் வருவதல்ல, யாரும் ஏவிவிட்டதும் அல்ல. மாத்திரை சாப்பிடுவது நம் நம்பிக்கைக்கு விரோதம் அல்ல." பொறுப்பில் இருப்பவரே தம் வாயால் படிக்க வேண்டும் என்று கேளுங்கள், வேறு யாரையும் விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம். அவர் தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஒரு நம்பிக்கையாளன் இன்னொரு நம்பிக்கையாளனிடம் பேசுவதாக இருக்கட்டும்.

#18 மூத்தவள்

ரெண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டேன். நேற்று அவரைப் பார்த்தேன். நின்றபடியே முழுசும் படித்தார். "பாவத்தால் வருவதல்ல" என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த கூட்டத்தில் படிப்பதாகச் சொன்னார். பழைய பெரியவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, இங்கே மறைக்க விரும்பவில்லை.

தாளைத் தம்பியிடமும் காட்டினேன். இது அவனைப் பற்றியது, அவனைக் கேட்காமலே நாம் இவ்வளவு எழுதிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அவன் கையாலேயே மூன்று வரி சேர்த்தான். அப்படியே தருகிறேன்:

"எழுந்ததும் எனக்கு எங்கே இருக்கேன்னு தெரியாது. சுத்தி நின்னு எல்லாரும் பேசாதீங்க. ஒருத்தர் மட்டும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த இடம், இப்ப என்ன நேரம்னு சொல்லுங்க."